பாதியில் காலி செய்யும் குடித்தனக்காரர்: தில்லி வீட்டுக்காரருக்குச் சட்டம் தருவதும் தராததும்

தில்லியில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரே பயத்தில்தான் வந்து நிற்பார்: வந்தவர் காலி செய்யமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1939இல் போர் மூண்ட காலத்தில் புது தில்லிக்கென்று ஒரு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1947இல் ஒரு சட்டம், 1952இல் இன்னொன்று, அதன்பின் இன்றுவரை உயிரோடு இருக்கும் 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1995இல் நாடாளுமன்றம் புதிதாக ஒரு வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அது நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் அரசு அறிவிக்கவே இல்லை.

இவற்றையெல்லாம் வரிசையாகப் படித்தால், போக மறுப்பவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பாதியில் கிளம்பிவிடுகிறவரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் இன்றைய தில்லியில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவதுதான். மத்திய அரசு ஊழியருக்கு இடமாற்ற உத்தரவு வருகிறது. குர்கானில் வேலை பார்த்தவர் நொய்டா கம்பெனிக்கு மாறுகிறார். பழைய ராஜேந்திர நகரில் அறை எடுத்துக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்த பையன் முதல்நிலைத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறான். வீட்டுக்காரரின் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழுகிறது: அடுத்த மாதம் காலி செய்கிறோம், செக்யூரிட்டியில் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்திக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கும்போது வீட்டுக்காரர் முதலில் தேடுவது வாடகைச் சட்டத்தை. அது அவருக்குப் பொருந்தாது. 1988இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்துக்கு இல்லை. மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ இன்று அந்த வாடகைக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் அதிசயம். ஆகவே இன்றைய குடித்தனங்களில் பெரும்பாலானவற்றை ஆள்பவை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும்தான். புது தில்லி என்ற நகரம் பிறப்பதற்கு முன்பே எழுதியவை இரண்டும்.

இந்த இரண்டு சட்டங்களின் கண்ணில் முதலில் படுவது கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பது. தில்லியில் வழக்கமாக இருப்பது 11 மாத அக்ரிமெண்ட். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. பதிவு என்றால் முத்திரைத் தீர்வை, சார்பதிவாளர் அலுவலகம், அரை நாள் லீவு. அதைத் தவிர்க்கவும், அதைவிட முக்கியமாக, குடித்தனக்காரருக்கு நீண்ட உரிமை எதையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்ற பழைய பயத்தாலும் 11 மாதம் என்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெரும்பாலான 11 மாத அக்ரிமெண்டுகளில் இருதரப்பும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம் என்று இருக்கும். அப்படி இருந்தால் குடித்தனக்காரர் நான்காவது மாதத்தில் போனாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது. நோட்டீஸ் மாதத்து வாடகையை வாங்கிக்கொண்டு செக்யூரிட்டியைத் திருப்பித் தருவதோடு கதை முடிந்தது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் தனக்கென்று வைத்துக்கொண்ட வாசல் வழியாகத்தான் எதிராளியும் வெளியேறுகிறார்.

சிக்கலான காகிதம் வேறொன்று. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு என்று எழுதி, முதல் ஆண்டு லாக்-இன் (அதற்குள் விலகக் கூடாது) என்று தடித்த எழுத்தில் போட்டு, நூறு ரூபாய் ஈ-ஸ்டாம்ப்பில் கையெழுத்து வாங்கி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருக்கும் அக்ரிமெண்ட். இதை நம்பி நீதிமன்றத்துக்குப் போனவர்கள் திகைத்துப்போகிறார்கள். பதிவு செய்யாத அந்தக் காகிதத்திலிருந்து கால அளவு பிறக்காது. குடியிருந்ததும் மாதாமாதம் வாடகை தந்ததும் உண்மை என்பதால் அது மாதக் குடித்தனம் ஆகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் விளக்கியது. துணை நோக்கத்துக்கு மட்டும் காகிதத்தைப் பார்க்கலாமே என்றால், ஒப்பந்தத்தின் முக்கியமான ஒரு ஷரத்தை நிலைநாட்டுவது துணை நோக்கம் அல்ல என்று 2008இல் கே.பி.சாஹா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதக் குடித்தனம் என்றால் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் போதும். ஓராண்டு லாக்-இன் என்று நினைத்துக்கொண்டிருந்தவரின் கையில் மிஞ்சுவது இரண்டு வாரம். போகமாட்டாரோ என்ற பயத்தில் மெலிதாகக் கட்டிய கயிறு, போகிறவரைப் பிடித்து நிறுத்தும் வேளையில் அறுந்துபோகிறது.

ஓராண்டுக்கு உட்பட்ட அக்ரிமெண்டில் ஆறு மாதம் லாக்-இன் என்று எழுதியிருந்தால் பதிவின்மை ஒரு தடை இல்லை. முறையாகப் பதிவு செய்த நீண்ட குத்தகை என்றால் சந்தேகமே இல்லை. குறித்த காலத்துக்கான குத்தகையில், நடுவே விலகலாம் என்ற ஷரத்து இல்லாவிட்டால், குடித்தனக்காரர் தன்னிச்சையாக அதை முடிக்க முடியாது; 111ஆம் பிரிவு சொல்லும் ஒப்படைப்புக்கு இரு தரப்பின் சம்மதம் வேண்டும். இங்கேதான் வீட்டுக்காரர்கள் அடுத்த தவறான கணக்கைப் போடுகிறார்கள். மிச்சமிருக்கும் மாதங்களை எண்ணி, வாடகையால் பெருக்கி, அதுதான் தனக்கு வரவேண்டிய பாக்கி என்று நினைக்கிறார்கள்.

அது பாக்கி அல்ல. குடித்தனக்காரர் வீட்டைத் தன் கையில் வைத்திருக்கும் நாள்வரை தருவதுதான் வாடகை. அது கடன் போல, கேட்டால் தந்தாக வேண்டும். வீட்டை ஒப்படைத்த பிறகு கேட்பது நஷ்ட ஈடு; அதை நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் தருவது அதற்குட்பட்ட நியாயமான ஈட்டை. 73ஆம் பிரிவின் விளக்கமோ, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் பார்க்கவேண்டும் என்கிறது. வேறு ஆளைத் தேடாமல் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஏழு மாத வாடகை கேட்டால், ஏன் தேடவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இந்தச் சட்டநெறி வளர்ந்ததில் தில்லிக்குத் தனிப் பங்கு உண்டு. 74ஆம் பிரிவுக்கு இன்றும் ஆதாரமாகக் காட்டும் ஃபதே சந்த் வழக்கு, 1949இல் தில்லியில் ஒரு பங்களாவை விற்க 1,12,500 ரூபாய்க்குப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது. வாங்குபவர் முன்பணமாக 1,000 ரூபாயும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். ஒப்பந்தம் முறிந்ததும் விற்பவர் மொத்தத்தையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த 24,000 ரூபாய் தண்டத்தொகையே, நஷ்டம் காட்டாமல் வைத்துக்கொள்ள முடியாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் தில்லி வளர்ச்சி ஆணையமே அதே பாடத்தைப் படித்தது. பிகாஜி காமா பிளேஸ் மனை ஏலத்தில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் நிறுவனம் கட்டிய 78 லட்ச ரூபாயை ஆணையம் பறிமுதல் செய்திருந்தது. பிறகு அதே மனையைப் பல மடங்கு விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லாத இடத்தில் பறிமுதலுக்கு இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். லாக்-இன் என்ற சொல்லையே நேரடியாக எடுத்துக்கொண்டு, மிச்ச மாதங்களுக்கான தொகை ஒப்புக்கொண்ட கடன் ஆகாது, விசாரித்துத் தீர்மானிக்க வேண்டிய நஷ்ட ஈடு என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2012இல் டவர் விஷன் வழக்கில் சொன்னது. அது செல்போன் கோபுரங்களைப் பற்றிய தகராறு என்றாலும் தர்க்கம் ஒன்றுதான்.

இதெல்லாம் உலகப் பொதுவிதி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2006இல் ரைக்மேன் வழக்கின் தீர்ப்புப்படி, குத்தகைக்காரர் விட்டுவிட்டுப் போனாலும் நில உடைமையாளர் புது ஆள் தேடக் கடமைப்பட்டவர் அல்ல. சும்மா இருந்துகொண்டே வாடகை கேட்கலாம். இந்தியச் சட்டம் அந்தச் சொகுசைத் தரவில்லை. என் பார்வையில் அது சரிதான். ஆள் வராத வீட்டால் யாருக்கும் லாபமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 30,000, செக்யூரிட்டி 60,000, ஓராண்டு லாக்-இன், பதிவான பத்திரம். குடித்தனக்காரர் ஐந்தாம் மாத முடிவில் போகிறார். மிச்சம் ஏழு மாதம், 2,10,000 ரூபாய். வீட்டுக்காரர் உடனே புரோக்கரிடம் சொல்கிறார். ஒன்றரை மாதத்தில் 28,000 ரூபாய்க்குப் புது ஆள் வருகிறார். காலியாகக் கிடந்ததில் 45,000 போனது. மாதம் 2,000 வீதம் ஐந்தரை மாதத்துக்கு 11,000 குறைகிறது. புரோக்கருக்கு 15,000. மொத்தம் 71,000. இதில் புரோக்கர் கூலியை முழுதாகக் கேட்க முடியுமா என்பதும் வாதத்துக்கு உரியது. குத்தகை முடிந்திருந்தாலும் அவர் கொடுத்திருக்க வேண்டியதுதானே? எப்படியும் 60,000 ரூபாய் செக்யூரிட்டி கையில் இருக்கிறது. 2,10,000 என்று தொடங்கிய சண்டை உண்மையில் சுமார் 11,000 ரூபாய்ச் சண்டை. புது ஆள் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் வீட்டுக்காரர்தான் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப் செய்திக்கான பதிலை இந்தக் கணக்கு மனதில் இருக்கும்போது எழுதுவது நல்லது. செய்தி வந்த தேதி, காலி செய்யும் தேதி, அதுவரை வாடகை வழக்கம்போல வரவேண்டும், செக்யூரிட்டியில் கழிக்கச் சம்மதமில்லை, அடுத்த வாரத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள்: இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும். செக்யூரிட்டியில் கழிக்க விட்டுவிட்டால், குழாய் உடைந்திருப்பதும் மின்கட்டணம் நிலுவையில் இருப்பதும் தெரியும் நாளில் கையில் பணமே இருக்காது. அந்த உரையாடலை போனிலிருந்து அழிக்கவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவை முன்வைக்கச் சான்றிதழ் ஒன்று தேவை; பழைய சட்டத்திலும் தேவைப்பட்டது.

சாவியை வாங்க மறுப்பதுதான் நான் பார்த்ததில் மிக அதிகமாக நடக்கும் பிழை. கோபத்தில் வீட்டுக்காரர் போனை எடுக்கமாட்டார். குடித்தனக்காரர் சாவியைக் கூரியரில் அனுப்பி, காலி அறைகளை வீடியோ எடுத்து வைத்துக்கொள்வார். பிறகு அந்த வீடியோதான் பேசும். அதற்காகச் சாவியை மௌனமாக வாங்கிக்கொள்வதும் சரியல்ல. மறுபேச்சில்லாமல் வாங்கி அடுத்தவருக்கு விட்டுவிட்டால் மறைமுக ஒப்படைப்பு என்று வாதிட இடமுண்டு. ஒப்படைப்பை ஏற்றபின் பாக்கி எங்கிருந்து வரும்? ஆகவே ஒரே வரி எழுதினால் போதும்: வீட்டின் சுவாதீனத்தை இன்று பெற்றுக்கொண்டேன், ஒப்பந்தத்தின் கீழ் எனக்குள்ள உரிமைகளுக்கு இது பாதகமில்லை. அதைவிட நல்லது இருவரும் உட்கார்ந்து தொகையைப் பேசி முடித்து, இனி ஒருவருக்கொருவர் எதுவும் தரவேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. குறித்த காலக் குத்தகையில் வீட்டுக்காரரின் சம்மதம் தேவை என்பதால் பேரத்தில் அவர் கை சற்று ஓங்கியே இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டிய நேரம் இது.

அன்றைக்கே மின்மீட்டர் அளவைப் படம் எடுக்க வேண்டும். குழாய் எரிவாயு, சொசைட்டி பராமரிப்புத் தொகை ஆகியவற்றின் கடைசி பில்களையும் பார்த்துவிட வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இன்னொன்றும் உண்டு: தனிநபர் குடித்தனக்காரர் வாடகையிலிருந்து வருமான வரி பிடித்துக் கட்டவேண்டும். 2024 அக்டோபர் முதல் அது 2 சதவீதம். ஆண்டின் நடுவில் காலி செய்தால் கடைசி மாத வாடகையில் அதைப் பிடிப்பார். அந்த மாதம் ஏன் பணம் குறைந்தது என்று சண்டைக்குப் போகும் வீட்டுக்காரர் சான்றிதழைக் கேட்டு வாங்கினால் போதும்.

சாவியும் வராமல் ஆளும் வராமல் போவது இதைவிடக் கொடியது. போன் அணைந்திருக்கிறது, கதவில் பூட்டு தொங்குகிறது, உள்ளே கட்டிலும் ஃபிரிட்ஜும் இருக்கின்றன. பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்துவிடலாம் என்றுதான் அக்கம்பக்கத்தார் அறிவுரை சொல்வார்கள். குடியிருப்போர் சங்கத்தார் முன்னிலையில் வீடியோ எடுத்துக்கொண்டு உடைப்பவர்களும் உண்டு. துணிச்சல்தான், ஆனால் ஆபத்தான துணிச்சல். உரிமை முடிந்துபோனவரைக்கூடச் சட்டவழியில் அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1989இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சுவாதீனத்தைப் பறிகொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் வழியுண்டு. போலீஸ் சரிபார்ப்பின்போது வாங்கிய நிரந்தர முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் சுவாதீனம் கேட்டு வழக்குப் போடுவதே பாதுகாப்பான வழி. மெதுவான வழி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லா நேரமும் போகிறவர்தான் குற்றவாளி என்பதும் இல்லை. ஒழுகும் சுவரையும் வராத தண்ணீரையும் பற்றி ஆறு மாதம் புகார் சொன்னவர் காலி செய்தால், அவரிடம் லாக்-இன் பற்றிப் பேசுவது நிற்காது. இடையூறின்றி அனுபவிக்க விடுவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி குத்தகைக்கு விட்டவரின் கடமை. குடியிருப்புப் பகுதிகளில் நடந்த கடைகளுக்கு 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தபோதும், 2024 ஜூலையில் பழைய ராஜேந்திர நகரின் ஒரு அடித்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு மாநகராட்சி பல அடித்தளங்களை மூடியபோதும், அந்த இடங்களை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் எந்த முகத்தோடு மிச்ச வாடகை கேட்பது?

ஆனால் யார் தவறுமில்லாத பேரிடரில் சட்டம் குடித்தனக்காரர் பக்கம் அவ்வளவாகச் சாய்வதில்லை. பிரிவினையால் பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பணத்தைத் திரும்பக் கேட்ட வழக்கில், ஒப்பந்தம் நிறைவேற்ற இயலாமல் போனது என்ற வாதம் குத்தகைக்குப் பொருந்தாது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 மே மாதம், பொது முடக்கத்தின் நடுவில், கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகையை நிறுத்திவைக்கக் கோரிய மனுவில் தில்லி உயர் நீதிமன்றம் அதையே பின்பற்றியது. 1975இல் மாதம் 300 ரூபாய்க்கு விட்ட கடை அது. வழக்கு நடந்தபோது மாதம் மூன்றரை லட்சம் கட்டும்படி உத்தரவு இருந்தது. இடம் நிரந்தரமாகப் பயனற்றுப் போனால்தான் குத்தகையை முறிக்கலாம், சில மாதம் திறக்க முடியாததற்கு அல்ல என்பது தீர்ப்பின் சாரம். கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது.

வழக்கு என்று போனால் வாடகை நிலுவைக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. கடை, அலுவலகம் தொடர்பானது மூன்று லட்சத்துக்கு மேல் போனால் வணிக நீதிமன்றம்; அவசர நிவாரணம் கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆகவேண்டும். வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ள குத்தகைகளில் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ளலாம் என்று 2020இல் வித்யா ட்ரோலியா வழக்கில் தெளிவானது. பதினோராயிரம் ரூபாய்க்கு இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தெற்கு தில்லியின் வசந்த் விஹார் போன்ற இடங்களில் தூதரகக்காரர்களுக்கு வீடு விடுகிறவர்கள் இதற்கெல்லாம் முன்பே விடை கண்டவர்கள். அங்கே குத்தகைப் பத்திரத்தில் டிப்ளோமேட்டிக் கிளாஸ் என்று ஒரு ஷரத்து இருக்கும்: இடமாற்றம் வந்தால் குறித்த நோட்டீஸ் கொடுத்துப் போகலாம். சிங்கப்பூரில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கும் இது பழக்கமானது; அங்கே இரண்டாண்டுக் குத்தகையில் முதல் ஆண்டு முடிந்தபின் இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம் என்பது வழக்கம். மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த ஒரு நகரத்தில் சாதாரண அக்ரிமெண்டுகளில் இது இல்லாதது வியப்பு. 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்திலும் குடித்தனக்காரர் நோட்டீஸ் கொடுத்து விலகுவதற்கு இடமுண்டு. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லையென்றால் ஒரு மாதம். ஆனால் அது மாநிலங்கள் ஏற்கவேண்டிய மாதிரி மட்டுமே. தமிழ்நாடு அதற்கு முன்பே 2017இல் சட்டம் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய சென்னையில் மூன்று மாதத்தை எல்லையாக்கியது. தில்லி இன்னும் 1958இல்தான் இருக்கிறது.

ஆகவே ஷரத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: முதல் ஆறு மாதத்துக்குள் போனால் ஒரு மாத நோட்டீஸும், அடுத்த ஆள் வரும்வரை அதிகபட்சம் இரண்டு மாத வாடகையும், புரோக்கர் கூலியில் பாதியும். இடமாற்ற உத்தரவின் நகலைக் காட்டினால் நோட்டீஸ் மட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு மாத நோட்டீஸ். அவர் தன் நண்பரை மாற்றாகக் கொண்டுவந்தால் பெயரை மாற்றி ஒட்டாமல் புது அக்ரிமெண்ட். இரண்டாண்டுக்கு எழுதுவதாக இருந்தால் பதிவு செய்துவிடுவேன். தில்லியில் ஐந்தாண்டு வரையிலான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை சராசரி ஆண்டு வாடகையில் 2 சதவீதம்; மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்கு 7,200 ரூபாய், பதிவுக் கட்டணம் தனி. புரோக்கர் வாங்குவதில் பாதிகூட இல்லை.